சத்துணவுக் கூடமும் வகுப்பறையும்

(கடலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளியில் உணவுக் கல்வி என்று தலைப்புக் கொடுத்தார்கள். மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனையியல் டீச்சர் என்றாலே சிலருக்குச் சிரிப்பு வரும். இப்போதே முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "டீச்சர், இன்னிக்கு என்ன சமையல்?" என்று கூட வேலை பார்ப்பவர்களே கேட்பார்கள். இயற்பியல் சாரைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை பல்பு மாட்டினீங்க?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் இந்தியாவுக்கே முன்னால் நின்ற மாநிலம் நம்முடையது. அந்தச் சோற்றைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டோம். பள்ளி வளாகத்தில் சத்துணவுக் கூடம் ஒரு மூலை, வகுப்பறை ஒரு மூலை. நடுவில் ஒரு திடல்தான் இருக்கிறது. பிள்ளைகள் தட்டோடு ஓடுவதற்கு மட்டும் அந்தத் திடல் பயன்படுகிறது. பாடம் அதைக் கடந்து போனதே இல்லை.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் எடுத்துப் போனார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் நீட்டினார். கலைஞர் காலத்தில் 1989இல் முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று; 2010இல் வாரத்துக்கு ஐந்து. 2022 செப்டம்பர் 15இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கி வைத்தார். கட்சி எதுவாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் முந்தையவர் வைத்த அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் இந்த நூறு ஆண்டில், "பிள்ளை தட்டில் விழுவதைப் பற்றி அது என்ன கற்றுக்கொள்கிறது?" என்று கேட்ட அரசாணை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. போடுவதோடு நம் வேலை முடிந்தது.

மனையியலின் கதை வேறொரு தடத்தில் ஓடியது. 1932இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது. நம் பக்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் 1957இல் கோவையில் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய இராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். பள்ளி மதிய உணவைப் பற்றி அவர் அளவுக்கு ஆராய்ந்தவர்கள் குறைவு. அவர் கையில் பாடமும் அடுப்பும் ஒன்றாக இருந்தன. பள்ளிக்கு வந்தபோது இரண்டும் பிரிந்துவிட்டன. மனையியல் மேல்நிலை வகுப்பில், அதுவும் பெரும்பாலும் பெண்கள் பள்ளியில், 'மார்க் குறைந்தவர்கள் எடுக்கும் குரூப்' என்று ஒதுங்கியது. பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம், ஆணுக்கு ஒரு பாடத்திட்டம் என்று பிரிக்காதீர்கள் என ஹன்சா மேத்தா குழு 1960களிலேயே சொன்னது. மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்க வேண்டாம் என்று கோத்தாரி ஆணையமும் சொன்னது. கட்டாயத்தை எடுத்தோம், சரி. ஆண் பிள்ளைகளுக்கும் திறந்துவிடும் பாதியை மறந்தோம். பொறியியல் கலந்தாய்வுக்கும் மருத்துவத்துக்கும் உதவாத பாடம் என்ற பிறகு, ஆய்வக அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்க ஆரம்பித்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தேர்தல் வாக்குப் பெட்டி வைக்கவும் அந்த அறைதான்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஊட்டச்சத்துப் பாடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எந்த வைட்டமின் குறைந்தால் எந்த நோய் என்று ஓர் அட்டவணை. பெரிபெரி எதனால் வருகிறது? தயமின் குறைவால். முடிந்தது. பிள்ளை அந்த விடையை எழுதிவிட்டுப் போய்ப் புழுங்கலரிசிச் சோறு சாப்பிடுகிறது. தான் எழுதிய விடையைத்தான் சாப்பிடுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1918இல் நம் நீலகிரியில், குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வு தொடங்கினார். இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த அறையிலிருந்து வளர்ந்ததுதான். அப்போதைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆந்திரக் கரையோர மாவட்டங்களில், பச்சரிசியை ஆலையில் தீட்டிச் சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் புழுங்கலரிசி சாப்பிட்டவர்களிடம் அது தலைகாட்டவில்லை. ஏன்? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நம் பாட்டிமார் களத்தில் அண்டா வைத்து நெல் அவித்தபோது வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அரிசி உடையாது, பூச்சி பிடிக்காது என்றுதான் அவித்தார்கள். பலன் என்னவோ கிடைத்தது.

அதே மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் பச்சைக் காயும் தின்ற பஞ்சாப் எலி கொழுகொழுவென்று வந்தது. பட்டியலில் கடைசியாக, எடை குறைந்து நின்றது சென்னை மாகாணச் சாப்பாட்டு எலி. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். புழுங்கலரிசி நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது. ஆனால் சோறு மட்டும் தட்டை நிறைத்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த எலி காட்டிவிட்டது.

இந்தப் பாடத்தை வகுப்பில் எப்படி நடத்துவது? கரும்பலகையில் முடியாது. நான் செய்தது இது. நூறு கிராம் புழுங்கலரிசியை நிறுத்து, ஒரு பிள்ளையிடம் கொடுத்து வேகவைக்கச் சொல்வேன். கஞ்சியை வடிக்காமல் ஓர் அடுப்பு, வடித்து ஓர் அடுப்பு. வெந்த சோற்றை மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு ஏறியிருக்கும். ஏறியது முழுக்கத் தண்ணீர் என்று கண்டுபிடிக்கும்போதே பிள்ளைகள் முகம் மாறும். அடுத்து அந்த வடிகஞ்சியை டம்ளரில் ஊற்றி வைத்து, "இதில் என்ன போயிற்று?" என்று கேட்பேன். தண்ணீரில் கரையும் வைட்டமின் எது, கரையாதது எது என்ற அட்டவணை அப்போதுதான் மண்டையில் ஏறும். வீட்டில் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுகிறார்களா, உப்புப் போட்டுக் குடிக்கிறார்களா என்று பேச்சு வரும். ஒரு முக்கால் மணி நேரத்தில் வேதியியலும் கணக்கும் ஊர்க்கதையும் நடந்து முடிந்துவிடும்.

இரத்தசோகைக்கு வருகிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் அதே மாநிலத்துப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன், ஆண்களில் 37. பசிக்குச் சோறு கிடைக்கிறது, இரத்தம் ஊறவில்லை, இடுப்பு மட்டும் பெருக்கிறது. இதைச் சோறு குறைவு என்று சொல்ல முடியாது. தேர்வு செய்யத் தெரியாமை என்றுதான் சொல்ல வேண்டும். பணம் இல்லாமையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொண்டு பின்னால் போய்த் துப்புவதும் எனக்குத் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று பயம். கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே, சாப்பிட்ட பிறகு போடு, போட்ட கையோடு டீ குடிக்காதே என்று யாராவது உட்காரவைத்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பையனுக்கு 26 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கு. முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் ஒட்டும், டீ அதைத் தடுக்கும் என்பது தெரியாது. கீரைச் சோற்றை முடித்த கையோடு டீயைக் குடிக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை!

வள்ளலார் இந்த மாவட்டத்துக்காரர். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தவர். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று கீரையைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நம் மாவட்டத்துக்கே ஒரு காலம் அவர் பெயர் இருந்தது. வடலூருக்குச் சுற்றுலா போகாத கடலூர்ப் பள்ளி கிடையாது. அடுப்பைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறோம். அந்த மூன்று கீரையையும் பார்த்தால் அடையாளம் சொல்லத் தெரிந்த பிள்ளை எத்தனை என்று திரும்பும் வழியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நம் மண்ணில் கண்ணெதிரே வீணாகும் ஒன்றைச் சொல்கிறேன். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்பில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே மண்ணில் விட்டுவிடுவோம். தோப்பே புளித்த வாடை அடிக்கும். அந்தப் பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட நாலைந்து மடங்கு. கடித்தால் தொண்டையைப் பிடிக்கிறது, அதனால்தான் யாரும் தின்பதில்லை. பிடிப்பது துவர்ப்புச் சத்து. துண்டுபோட்டு உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் அது குறையும். சாறு பிழிந்து அதில் வடிகஞ்சியை ஊற்றி வைத்தால் துவர்ப்பு திரிந்து அடியில் படியும்; மேலே தெளிந்த சாறு நிற்கும். நான் சொன்ன அதே வடிகஞ்சிதான். பிள்ளைகள் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டீச்சர், கலங்கல் இறங்குது, இறங்குது!" என்று கத்துவார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் முந்திரி ரகங்களை வெளியிட்டு ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பழத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர அரசாணை எதுவும் வேண்டாம். ஒரே இடைஞ்சல், பழம் உதிரும் காலம் நமக்கு முழுப் பரீட்சைக் காலம்.

கடலுக்கும் இதே கதை. முதுநகர்த் துறைமுகத்தில் மத்தி குவியும் நாளில் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகும். மிச்சம் கோழித் தீவனத்துக்கு அரைபடும். நல்ல கொழுப்பு நிறைந்த, மலிவான மீன் அது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியம் இருக்கிறது. "மத்தியா, அது கவிச்சி அடிக்கும்" என்று முகம் சுளித்து, வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று ஏங்குகிற வீடுகள் நம்முடையவை.

இங்கே வந்திருக்கும் குடிகாட்டுக்காரர்கள் ஒரு கேள்வி வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மீன் தின்னு, கீரை தின்னு என்கிறீர்களே டீச்சர், எந்த ஆற்று மீன், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த கீரை? நியாயமான கேள்வி. 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல், ரசாயன ஆலைகளுக்கு நடுவில் உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் முறையிட்டு வருகிறீர்கள். 'மீன் நல்ல உணவு' என்று மட்டும் எழுதிய பாடப்புத்தகம் குடிகாட்டுப் பிள்ளைக்குப் போதாது. இந்தப் பிள்ளைகளுக்கு உணவுப் பாடம் தண்ணீரில் தொடங்க வேண்டும். கிணற்று நீரை யார் சோதிக்கிறார்கள், எங்கே கொடுத்தால் சோதிப்பார்கள், வந்த அறிக்கையில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் வாசித்துச் சொல்ல வேண்டும். கலப்படச் சோதனை மனையியல் செய்முறையில் பழைய பாடம். மஞ்சள்தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு ஏறி நின்றால் சாயம் கலந்திருக்கிறது. மிளகைத் தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும். மளிகைக் கடையைச் சோதிக்கிற கண், ஆற்றையும் சோதிக்கும். இதைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் வாதாடக் கிளம்பிவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். கிளம்பட்டுமே.

ஆண் பிள்ளைகளைப் பற்றி. இந்த ஊர்ப் பையன் பன்னிரண்டு முடித்ததும் சென்னைக்கோ திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறான். பத்துப் பேர் தங்கும் அறையில் பரோட்டாவும் சால்னாவும். முப்பத்தைந்து வயதில் சர்க்கரை மாத்திரை. சிதம்பரம் கொத்சு என்று ஊர்ப்பெருமை பேசுவான். கத்தரிக்காய் சுடத் தெரியாது. அவன் போய்ச் சேரும் சிங்கப்பூரில், உயர்நிலைப் பள்ளியின் கீழ் வகுப்புகளில் ஆண், பெண் இரு பாலாரும் சமையலும் ஊட்டச்சத்தும் படிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2016 முதல் 'உணவு தயாரிப்பும் ஊட்டச்சத்தும்' என்றே ஒரு பாடம். பதினாறு வயதுப் பிள்ளை மூன்று மணி நேரத்துக்குள் மூன்று பதார்த்தம் செய்து காட்ட வேண்டும், ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதவும் வேண்டும். எனக்கு அதைவிட ஜப்பான்தான் பிடிக்கும். அங்கே பள்ளி மதிய உணவுக்கு 1954இலேயே சட்டம். அந்த உணவு வேளையும் கல்வியில் சேர்த்தி. பிள்ளைகளே வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். மனையியலை 1990களில் ஆண் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கினார்கள். நம்மிடம் இருக்கும் அதே சோற்றுப் பானை அங்கே பாடப்புத்தகமாகிவிட்டது.

இங்கே பரிமாறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேசாமல் தாண்டக் கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், தலித் சமையலர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். காலை உணவு வந்த பிறகும் அங்கங்கே இந்தச் செய்தி வருகிறது. பிள்ளைகள் ஒரே அடுப்பில் சேர்ந்து சமைக்கும் வகுப்பு இந்த நோயை ஒரு நாளில் தீர்க்காது. ஆனால் சேர்ந்து சமைத்ததைத் தள்ளிவைத்துச் சாப்பிடுவது கடினம். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இனி, ஆசிரியருக்கு எங்கே போவது என்பீர்கள். ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறார், திடலுக்கு அந்தப் பக்கம். இருநூறு பிள்ளைக்குச் சாம்பாரில் எவ்வளவு உப்பு என்று கண்ணளவில் சொல்லத் தெரிந்த சமையலரம்மாவைவிட யாருக்குச் செய்முறை தெரியும்? காலை உணவு சமைப்பதும் பெரும்பாலும் நம் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான், சுய உதவிக் குழுவினர். அவர்களை மாதம் இரண்டு முறை வகுப்புக்குள் வரவழையுங்கள். மதிப்பூதியமும் கொடுங்கள், சும்மா வரச் சொல்லாதீர்கள். சத்துணவு அமைப்பாளரின் இருப்புப் பதிவேட்டைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைக்கு நூற்றைம்பது கிராம், 700 கலோரி, 20 கிராம் புரதம் என்பது நாட்டின் அளவுகோல். இன்றைக்குப் போட்ட சோறும் முட்டையும் அந்த அளவைத் தொடுகிறதா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போடட்டும். தொடவில்லை என்று வந்தால் தலைமையாசிரியருக்குச் சங்கடம்தான். படட்டும்.

அடுப்பு வேண்டாம், ஆபத்து என்பவர்களுக்கு: முதல் பருவம் முழுக்க அடுப்பே இல்லாமல் நடத்தலாம். நிறுக்கலாம், முளைகட்டலாம், லேபிள் படிக்கலாம். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று படித்து, நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவோடு ஒப்பிடுவதற்குத் தீக்குச்சி தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது கிராம் காட்டும் ஒரு தராசு. பணத்துக்கு எங்கே போவது என்று ஒரு தலைமையாசிரியர் மேடைக்கு வருமுன்பே கேட்டார். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு பேச வருபவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம். அந்தக் காசில் குடிகாட்டுப் பள்ளிக்குத் தராசு வாங்குங்கள். இன்றைக்கு எனக்குப் போர்த்தியதைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்று விசாரிக்கிறேன்.